அக்சல் குடித்த பிளேன்டீ

என்னைப் பொய்யன் என்று சொன்ன மனிதர் இன்று வரைக்கும் என் முகத்தைப் பார்த்து, "இராமர், நான் சொன்னது பிழை" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொண்ணூற்றேழில் சொன்னது. ஆள் இப்போது எங்கேயோ பென்ஷனில் சுகமாக இருப்பார். இருக்கட்டும். எனக்கு அது ஆறவில்லை, ஆறவும் போவதில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவரைப் பற்றி அல்ல, பேர்ணடெற் மிஸ்ஸைப் பற்றி.

அப்போது நான் கொழும்பு ஏழில் ஒரு வெளிநாட்டு உதவி அலுவலகத்தில் டிரைவர். வீடு மட்டக்குளியில். ஜப்பானிலிருந்து ஒரே கப்பலில் இரண்டு புது ஜீப் வந்தன. வெள்ளை நிறம், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஒன்று என் கைக்கு வந்தது. அனுராதபுரம், வவுனியா, மன்னார்ப் பக்கம் என்று ஓடினேன். நாலாம் மாதம், ஒன்பதாயிரம் கிலோமீற்றரில், பின்னாலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அறுபதில் போனால் 'ஊ' என்று நாய் அழுகிற மாதிரி அழும். அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் நின்றுவிடும்.

வாரண்டி இருக்கிறதே என்று வண்டியை விற்ற ஏஜண்டுடைய கராஜில் விட்டோம். அங்கே ஃபோர்மன் நிலாம். பின் சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற அக்சலின் அடி ஆணியைக் கழற்றி எண்ணெயை வடித்தார். தேன் மாதிரி விழ வேண்டிய எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் விழுந்தது. உள்ளே தண்ணீர். தண்ணீர் கலந்ததால் பெயாரிங் தேய்ந்து, பல்லுச் சக்கரம் அழுதிருக்கிறது.

"தண்ணிக்குள்ள எறக்கியிருக்கீங்க. இதுக்கு வாரண்டி இல்ல" என்றார் நிலாம்.

"எறக்கல நிலாம் நானா. சத்தியமா எறக்கல."

"அப்ப இது மழையில நனைஞ்ச எண்ணெயா?"

வாரண்டி போனால் அலுவலகம் புதுச் சாமான் வாங்கிப் போடும், அவ்வளவுதான். என் தலைவலி வேறு. எங்கள் அலுவலகத்துப் பாதுகாப்பு அதிகாரி ஹெக்டர், பொலிஸில் இருந்து இளைப்பாறியவர். அவர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். மன்னார் ரோட்டில் அக்சல் முங்குகிற தண்ணீர் எங்கே இருக்கிறது? கடலோரக் களப்புக்குள் எதற்காக வண்டியை இறக்கினாய்? யாரை ஏற்றினாய், எதை ஏற்றினாய்?

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழ் டிரைவரிடம் இப்படிக் கேட்டால், அது கேள்வி இல்லை, இயக்கத்துக்கு உதவினாய் என்கிற குற்றச்சாட்டு. இல்லை என்றேன். பொய்யன் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் சொல், இல்லாவிட்டால் பொலிஸில் சொல் என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. வீட்டில் என் மனைவி வெள்ளையம்மாவிடம் சொன்னேன். ஒரு பையில் என் சாரத்தையும், அடையாள அட்டைக் கொப்பியையும், கலியாணப் பதிவையும் வைத்து, பொலிஸ் வந்தால் கையோடு எடுக்கக் கதவுப் பக்கத்தில் மாட்டினாள்.

புதன்கிழமை கராஜில் வாரண்டிப் படிவம் நிரப்பப் போனேன். வேலைத்தளத்துக்கு மேலே ஒரு கண்ணாடி அறை. அங்கேதான் பேர்ணடெற் மிஸ் இருப்பார். வாரண்டிக் கடிதங்கள் எழுதுகிற கிளார்க். ஐம்பது வயது இருக்கும், கட்டை உருவம், புள்ளிச் சட்டை, கயிற்றில் தொங்குகிற கண்ணாடி. கொட்டாஞ்சேனையில் லூசியா கோயிலடியில் இருந்து பஸ்ஸில் வருவார். ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது. கராஜ் பெடியன்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரிஜெக்ட் மிஸ்'. வாரண்டி இல்லை என்று குத்துகிற அந்த முத்திரை எப்போதும் கைப்பக்கத்தில் இருக்கும்.

முத்திரையைக் குத்தப் போகிறார் என்று நின்றேன். தண்ணீருக்குள் இறக்கினாயா என்று அவர் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காத ஆள் அந்த வாரத்தில் அவர் மட்டும்தான்.

"இராமர், வண்டிய எப்ப கழுவுவீங்க?"

"வந்த ஒடனே மிஸ். ஒப்பீஸ் கேட்டுக்கு வெளியில. அடிப்பக்கம் பூரா ஓஸ் பைப்பால தண்ணி அடிச்சாத்தான் உள்ள வுடுவாங்க."

"ஏன் அப்பிடி?"

"போன வருசம் கோட்டையில குண்டு வெடிச்சதுல இருந்து ஹெக்டர் ஐயாவோட ஓடர். சேறு இருந்தா அடியில என்னா ஒட்டியிருக்குன்னு காவல்காரன் புடிக்கிற கண்ணாடியில தெரியாதாம்."

"மன்னாரில இருந்து வந்து எவ்வளவு நேரத்தால?"

"எஞ்சின நிப்பாட்டுனதும்தான்."

பேனையை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து மூன்று ஃபைலை எடுத்தார். பதினாலு மாதத்தில் இதே வியாதியோடு மூன்று வண்டி வந்திருக்கிறதாம். மூன்றும் கேட்டில் காவல் போட்ட அலுவலகங்களுடைய வண்டி. "வயலுக்குள்ள, ஆத்துக்குள்ள ஓடுற வண்டி எவ்வளவோ வித்திருக்கிறம். அதுகளில ஒண்டுக்கும் தண்ணி போகல்ல. கொழும்பு ஏழில நிக்கிறதுக்குத்தான் போகுது. எனக்கு ரெண்டு நாளா நித்திரை இல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஹெக்டரையும் கராஜுக்கு வரச் சொல்லி டெலிபோன் எடுத்தது அவர்தான். அலுவலகத்தின் மற்ற ஜீப்பையும் கேட்டு வாங்கினார். அதை என்னிடம் தந்து, நீர்கொழும்பு வரை போய்த் திரும்பி வரச் சொன்னார். போனேன். செக்பொயின்ற்களில் இறங்கி ஏறி நான் திரும்பியபோது பின் அக்சலில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

அக்சலுக்கு மேலே விரல் நுனி அளவில் ஒரு மூடி இருக்கிறது. அக்சல் சூடேறினால் உள்ளே இருக்கிற காற்று அதன் வழியாக வெளியே வரும். அது மூச்சு விடுகிற துவாரம். பதினெட்டு வருடம் வண்டி ஓட்டியவன் நான், அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. நிலாம் மூடியைக் கழற்றினார். மிஸ் தன் கைப்பையில் இருந்து ஒரு சேலைன் குழாயை எடுத்துக் கொடுத்தார்.

"அம்மாவுக்கு ஏத்தினது. கழுவி வச்சிருந்தன்."

குழாயின் ஒரு முனையை அந்தத் துவாரத்தில் இறுக்கினார்கள். மறு முனையைக் கன்ரீனில் ஆற வைத்த, பால் விடாத பிளேன்டீக் கிளாசுக்குள் விட்டார்கள். நிறம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் என்பதற்காகத் தேநீர்.

"சீனி போடவா மிஸ்?" என்றார் நிலாம்.

"வேணாம். வாரண்டியில சீனி இல்ல."

பெடியன்கள் சிரித்தார்கள். ஹெக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மிஸ் என்னைப் பார்த்து, "கேட்டில அடிக்கிற மாதிரியே அடிங்க" என்றார். ஓஸை எடுத்து அக்சலில் தண்ணீரை அடித்தேன். ஆவி பறந்தது.

கிளாசில் இருந்த தேநீர் குழாய்க்குள் ஏறியது. முதலில் ஒரு விரற்கடை. பிறகு ஒரு சாண். யாரும் தொடவில்லை, யாரும் ஊதவில்லை. செந்நிறமாக ஒரு கோடு மேலே மேலே போய் வளைவில் திரும்பி அக்சலுக்குள் இறங்கியது. கிளாசில் மட்டம் குறைந்துகொண்டே வந்தது. தாகம் எடுத்த மனிதன் குடிக்கிற மாதிரி அந்த இரும்பு குடித்தது. ஓஸ் என் கையில் இருப்பதே மறந்து என் சப்பாத்து நனைந்துவிட்டது. கடைசியில் கிளாசின் அடியில் தூள் மட்டும் கிடந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. நிலாம் தொப்பியைக் கழற்றினார். "ரப்பே" என்று ஆண்டவனை மட்டும் கூப்பிட்டார்.

"சூட்டில காத்து விரிஞ்சு வெளிய போகும். திடீரெண்டு குளிர்ந்தா சுருங்கி, வெளியில கிடக்கிறத உள்ள இழுக்கும்" என்றார் மிஸ். "ஆனா மூடி வெளிய விடவேணும், உள்ள விடக்கூடாது."

ஸ்டோரில் இருந்து ஒரு புது மூடியைக் கொண்டுவரச் சொல்லி, உதட்டில் வைத்து உறிஞ்சினார். காற்று வரவில்லை. பிறகு வண்டியில் கழற்றிய மூடியை, எண்ணெயோடு அப்படியே, வாயில் வைத்து உறிஞ்சினார். ஸ் என்று சத்தம் வந்தது. உதட்டில் கறுப்பு ஒட்டியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகத்தால் சுரண்டி எங்களுக்குக் காட்டினார். மூடி உட்காருகிற இடத்தில் ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ற். ஃபக்டரியில் அடித்த பெயின்ற் அங்கே காய்ந்து, மூடியை மூடவிடாமல் வைத்திருக்கிறது. என் வண்டியின் மூடியிலும் அதே பொட்டு. கப்பலில் வரும்போதே இருந்த பிழை. ஒரு கடுகளவு பெயின்றுக்காக என் வீட்டில் ஒரு பை கதவில் தொங்கியது.

ஹெக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். "அப்படியென்றால் இனி ஒரு மணித்தியாலம் கழித்துக் கழுவுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். வாரண்டி கிடைத்தது. ஜப்பானுக்குப் போன கடிதத்தில் மனேஜர் கையெழுத்து வைத்தார். மிஸ்ஸின் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

நன்றி சொல்ல மேலே போனேன். அவர் அந்த மூன்று ஃபைலில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இதப் பாருங்க. நாகேந்திரம் எண்டு ஒரு டிரைவர். வெள்ளவத்தையில லொஜ்ஜில இருந்தவர். அவரும் உங்களப் போலத்தான் 'இறக்கல்ல, இறக்கல்ல' எண்டு இந்தப் படியில நிண்டு சொன்னார். 'ஓட்டுனரின் கவனயீனம்' எண்டு எழுதி முத்திரை குத்தினது நான்தான். அண்டைக்கே அவர வேலையால நிப்பாட்டிப்போட்டாங்க."

வண்டியின் வயிற்றுக்குள் தேநீர் போனதைப் பார்த்து ஆடிப்போனவன், அதைவிட இதைக் கேட்டுத்தான் அதிகம் ஆடிப்போனேன். என்னைப் பொய்யன் என்ற மனிதருக்கு வராத ஒரு சொல்லை இந்த மனுஷி கேட்காமலே எடுத்து முன்னால் வைக்கிறார்.

அடுத்து வந்த மாதங்களில் அந்த லொஜ்ஜுக்கு மூன்று கடிதம் போட்டாராம். மூன்றும் திரும்பி வந்தன. ஞாயிறு பூசை முடிந்து இரண்டு தடவை நேரிலும் போயிருக்கிறார். அப்படி ஒருவர் இப்போது இல்லை என்றார்களாம்.

தொண்ணூற்றொன்பதில் மிஸ் தன் தம்பியிடம் மெல்பேர்னுக்குப் போனார். விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோனேன், கூலி வாங்கவில்லை. பயணிகளைத் தவிர ஒருவரையும் உள்ளே விடாத காலம். தடுப்புக் கம்பியடியில் பெட்டியை இறக்கினேன். ஆர்மிக்காரன் கையைக் காட்டி அவசரப்படுத்தினான். மிஸ் கைப்பையில் இருந்து அந்தக் குழாயைச் சுருட்டியபடி எடுத்து என் கையில் வைத்தார்.

"டிரைவர்மார் டிரைவர்மாரத் தெரிஞ்சு வச்சிருப்பீங்க. நாகேந்திரத்த எங்கயாவது கண்டா, பிழையா எழுதினது பேர்ணடெற் எண்டு சொல்லுங்க. வாயால சொன்னா அவர் நம்பமாட்டார். ஒரு வண்டியச் சூடாக்கி, ஒரு பிளேன்டீ வாங்கி வச்சு, செய்து காட்டுங்க."