நானூற்றுப் பதினேழாம் எண் புட்டி

ஊக்கமருந்துச் சோதனைக் கூடத்தில் அவளுக்கு 'இன்னொரு தடவை' என்று பட்டப்பெயர். முடிவு வந்து எல்லோரும் பையைத் தூக்கும்போதுதான், "இன்னொரு தடவை பார்த்துடலாமே" என்று ஆரம்பிப்பாள். வீட்டிலும் இதே கதைதான். கதவைப் பூட்டிப் படியிறங்கியவள், திரும்ப ஏறிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "என்னைக் கட்டிக்கச் சம்மதம் சொல்லவே மூணு தடவை கேக்க வச்சா" என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பதினாறு வருடமாக விளையாட்டு வீரர்களின் சிறுநீரோடுதான் அவள் பிழைப்பு. அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு புட்டியும் யாரோ ஒருவருடைய பல வருட உழைப்பு. பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

அந்தத் திங்கட்கிழமை, வில்வித்தைப் போட்டியிலிருந்து வந்த நானூற்றுப் பதினேழாம் எண்ணில் மது இருப்பதாகக் கருவி காட்டியது. அந்தப் போட்டியில் மதுவுக்குத் தடை; ஒரு மடக்கு உள்ளே போனால் கை நடுக்கம் அடங்கிவிடுமாம். உறுதியானால் அந்த ஆள் இரண்டு வருடம் வில்லைத் தொட முடியாது.

"மாட்டிக்கிட்டான்," என்றார் தலைமை அதிகாரி. "கையெழுத்தப் போடுங்க."

"இன்னொரு தடவை பார்த்துடறேன் சார்."

"நெனச்சேன்."

சிறுநீரில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. சர்க்கரை நோயாளியாக இருக்கலாம். சர்க்கரையோடு கொஞ்சம் கிருமியும் சேர்ந்து, புட்டி குளிரில் இல்லாமல் வெளியே கிடந்தால், மாவு புளிப்பதுபோல உள்ளேயே மது ஊறிவிடும். ஆனால் மனிதர் நிஜமாகக் குடித்திருந்தால், உடம்பு அந்த மதுவை மாற்றி இரண்டு சுவடுகளைச் சிறுநீரில் விட்டிருக்கும். புட்டிக்குள் ஊறிய மதுவுக்கு அந்தச் சுவடுகள் கிடையாது. தேடினாள். இல்லை. மறுபடி தேடினாள். ம்ஹூம். முகம் தெரியாத அந்த மனிதர் குடிக்கவேயில்லை. அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அப்படியானால் புட்டி எங்கே வெளியில் கிடந்தது? பதிவேட்டைப் புரட்டினாள். பெற்றுக்கொண்டது, வெள்ளி மாலை: அவளுடைய கையெழுத்து. குளிர்பெட்டியில் வைத்தது, திங்கள் காலை: உதவியாளரின் கையெழுத்து. விரலை வைத்து அந்த இரண்டு வரிகளையும் மறுபடி படித்தாள். வெள்ளியன்று மகளின் பள்ளி ஆண்டு விழா. ஓடுகிற அவசரத்தில் மேசைமேலேயே விட்டுப் போயிருக்கிறாள். அறைப் பூட்டை மட்டும் மறக்காமல் இழுத்துப் பார்த்திருப்பாள், மகராசி!

அடுத்த மாதம் பிரிவுத் தலைவி பதவி அவளுக்குத்தான் என்று பேச்சு. அதை நினைத்துக் கொஞ்சநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நடந்ததை ஒரு வரி விடாமல் அறிக்கையில் எழுதினாள்.

அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுவடு இல்லைன்னு மட்டும் எழுதினாப் போதாதா? காரணம் கேட்டா, வண்டியில வர்றப்ப வெப்பம் பட்டிருக்கும்னு சொல்லிக்கலாம்."

"வண்டிக்காரர் பாவம், நேரத்துக்குக் கொண்டாந்து குடுத்துட்டார் சார். காரணம் எழுதலைன்னா அந்த வில்வித்தைக்காரரைத்தான் ஊரே சந்தேகப்படும்."

"பதவி போயிடும்மா. இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க."

அவள் பேனாவை எடுத்தாள்.

"இதுக்கு ஒரு தடவை போதும் சார்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.