குளிர்காயும் அடுப்பு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சுவர் முழங்கால் உயரம் எழும்பி, அன்றைக்கே இடிந்தது. கட்டியவரும் இடித்தவரும் ஒரே ஆள் – கொத்தனார் இசக்கி.

பாளையங்கோட்டையில் நான் வாத்தியார். பள்ளிக்கூடத்தார் எங்களைக் குடிவைத்திருப்பது, அந்தக் காலத்துத் துரை ஒருவர் தன் ஊர் ஞாபகத்தில் கட்டிய செங்கல் பங்களாவில். பனி சறுக்கி விழ வசதியாகச் செங்குத்தான கூரை. ஜன்னலுக்கு மேல் வில் போல் வளைவு. சுவரில் ஒரு கல் நீளவாக்கில், அடுத்தது குறுக்கே... கூடத்தில் குளிர்காய ஓர் அடுப்பு, அதன் புகை கூரைக்கு மேல் போக ஒரு சிம்னி! நம் ஊர் வெயிலுக்கு இது தேவைதானா?

சிம்னி வழியாகத் தேளும் பூரானும் இறங்குகின்றன, பிள்ளை பிறப்பதற்குள் அடைத்தாக வேண்டும் என்று என் மனைவி ஞானம் சொல்லிவிட்டாள். அடைமழையிலும் இசக்கி வந்து அடுப்பின் வாயை அடைத்துக் கல் வைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் ஞானத்துக்கு வலி எடுத்தது. நாள் கணக்குக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மருத்துவச்சி நனைந்தபடி வந்து சேர்ந்தாள். மத்தியானம் பெண் பிள்ளை பிறந்தது – இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அழுகை முனகலாகத்தான் வந்தது.

"உடம்பு சில்லுன்னு இருக்குய்யா. சூடு காட்டாட்டா பிள்ளை தங்காது," என்றாள் மருத்துவச்சி.

கொல்லைப்புறச் சமையலறைக்கு ஓடினேன். ஓலைக்கூரை சரிந்து அடுப்பில் தண்ணீர் நின்றது. விறகெல்லாம் ஈரம். என்ன செய்வது?

திரும்பி வந்தால், தான் வைத்த கல்லையே இசக்கி வெறுங்கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார். மழைக்கு முன்பே கொண்டுவந்து கூடத்தில் போட்டிருந்த சாரப் பலகைகளை உடைத்து உள்ளே அடுக்கினார். பற்றவைத்ததும் புகை கூடத்துக்குள் திரும்பியது. புறா கூடு கட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, கொட்டும் மழையில் கூரையேறி, மூங்கிலால் சிம்னியைக் குத்திவிட்டார். புகை மேலே போயிற்று.

ஞானத்தின் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துவந்தோம். செங்கல் பையச் சூடேறியது. சாயங்காலத்துக்குள் பிள்ளையின் உள்ளங்கால் சிவந்து, வீடே அதிர ஓர் அழுகை! நானும் அழுதேன்... என் வகுப்புப் பையன்கள் இந்தப் பக்கத்தைப் படிக்காமலிருந்தால் நல்லது.

நேற்று இசக்கி பிள்ளையைப் பார்க்க வந்தார். அடைக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கட்டிய துரை நன்றாயிருக்கட்டும் என்றேன்.

இசக்கி அடுப்பின் வளைவைத் தடவிப் பார்த்தார். "படம் போட்டது துரையா இருக்கும், வாத்தியாரய்யா. கல்லு வச்சவன் நம்ம ஊர்க்காரன்லா?"

எனக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள்.