நர்சம்மாவிடம் கேட்கக் கூடாத கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு புதன்கிழமை காலை. முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்து அங்கன்வாடியில் நடந்த சம்பவம் இது. என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். அம்மைத் தடுப்பூசி போட வேண்டிய நாள்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். குழந்தை தும்மினால் கூகுளில் தேடுவேன். தேடியதைப் படித்துவிட்டு இன்னும் பயப்படுவேன். பி.எஸ்சி. படித்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. அப்படிப்பட்டவள் காதில்தான் அந்தப் பேச்சு வந்து விழுந்தது.

எங்கள் ஊருக்குப் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கும் கிராம சுகாதார செவிலியரை எல்லோரும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவோம். டவுன் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் அறை வாசலில் அவரை யாரோ பார்த்தார்களாம். அது நாலு தெரு தாண்டுவதற்குள் "அவங்களுக்கே இருக்காம்" என்றாகிவிட்டது. என் எதிர்வீட்டு அக்கா வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட்டுவிட்டார். நர்சம்மா டெஸ்ட் எடுத்து ரிசல்ட்டை ஊருக்குக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு நர்ஸ் கேட்டு மனு கொடுக்க வேண்டும் என்று.

சிங்கப்பூரில் இருக்கும் என் கணவர், "எதுக்கு ரிஸ்க்? டவுன்ல பிரைவேட்ல போட்டுக்க" என்றார். மாமியாரோ, "நீ படிச்சவ, நீயே முடிவு பண்ணிக்க. நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். நானும் தேடிப் படித்தேன். ஒவ்வொரு குழந்தைக்கும் புது ஊசி, பயமே வேண்டாம் என்றுதான் எங்கும் போட்டிருந்தது. நம்பினேன். கொஞ்ச நேரம் கழித்து நம்பவில்லை. புதன்கிழமை காலை ஒரு முடிவும் எடுக்காமலேயே மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அங்கன்வாடியில் பெண்கள் கூட்டம் சுவரோரமாக நின்றது. நர்சம்மா மேஜையில் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே இருந்த நாற்காலி காலி. பக்கத்தில் எங்கள் வார்டு மெம்பர்.

"உங்களைக் குத்தம் சொல்லலைங்க நர்சம்மா. ஒரு பேப்பரைக் காட்டிட்டீங்கன்னா ஊரு நிம்மதியாயிடும்" என்றார் மெம்பர்.

"இருக்குன்னும் சொல்ல மாட்டேங்க, இல்லைன்னும் சொல்ல மாட்டேன். ஊசி சுத்தமா இருக்கான்னு கேளுங்க, எத்தனை தடவை வேணாலும் காட்டுறேன்" என்றார் நர்சம்மா. குரல் உயரவில்லை. அன்று எல்லோரும் பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் திரும்பிப் போனால் அடுத்தது மனுதான். அதன் பிறகு அவர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் இந்தப் பேச்சு அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

"ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லேன்னா காட்டிட்டுப் போக வேண்டியதுதானே!" என்றார் எதிர்வீட்டு அக்கா.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அவர் காட்டுகிறேன் என்று சொன்னதையாவது பார்ப்போமே என்று மேஜையருகே போனேன். "தப்பா எடுத்துக்காதீங்க நர்சம்மா. ஊசியைக் காட்டுங்க" என்றேன்.

"பெத்தவ கேக்காம வேற யாரு கேப்பா?" என்று சொல்லிப் புது உறையை என் கண் முன்னால் பிரித்தார். ஒருமுறை அழுத்திவிட்டால் பூட்டிக்கொள்ளும் ஊசி அது. மறுபடி இழுக்கவே முடியாது. அழுத்திக் காட்டிவிட்டு என் கையில் கொடுத்தார். நானும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. என் பயம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தால், ஊசியை நான் ஒருத்திதான் பார்த்திருக்கிறேன். மற்ற எல்லோரும் நர்சம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு என் மூன்றாம் மாதம் ஞாபகம் வந்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுப்பதுபோல எனக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை எடுத்தார்கள். பயப்பட ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் பயந்து செத்தேன். ரிசல்ட் சொல்வதற்கு முன் இதே நர்சம்மாதான் என் மாமியாரை வெளியே உட்காரச் சொன்னார். "எனக்குத் தெரியக் கூடாத ரகசியமா?" என்று மாமியாருக்குக் கோபம். "நல்லதோ கெட்டதோ, அவங்க ரத்தம்மா. அவங்ககிட்டதான் சொல்லணும்" என்றார் நர்சம்மா.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமே இல்லை. எப்படியோ வாய் திறந்துவிட்டது.

"அக்கா, மாசமா இருந்தப்ப உங்களுக்கும் இந்த டெஸ்ட் எடுத்தாங்கல்ல? உங்க ரிசல்ட் என்னன்னு எனக்குத் தெரியுமா? என்னோடது உங்களுக்குத் தெரியுமா? இங்க நிக்கிற எல்லாரோடதும் நர்சம்மாவுக்குத் தெரியும். ஒருத்தரோடதாவது வெளிய வந்திருக்கா?"

மெம்பர்தான் சமாளித்தார்: "அது வேறம்மா. இவங்க பிள்ளைங்களைத் தொடுறவங்க."

"நாமளும்தாண்ணே தொடுறோம். நாங்க பால் கொடுத்தே வளக்குறோம். எங்ககிட்ட யாரும் பேப்பர் கேக்கலையே?"

அதிகமாகப் பேசிவிட்டோமோ, ஊரில் இனி யார் நம்மோடு பேசுவார்கள் என்றெல்லாம் அந்த நொடியிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அதற்குள் சுவரோரம் இருந்து ஒரு குரல். கைக்குழந்தையோடு நின்றிருந்த மெம்பரின் மனைவி.

"அந்தப் பொண்ணு கேக்குறது சரிதானே? நான் மாசமா இருந்தப்ப, வீட்டுக்காரரும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கட்டும்னு நர்சம்மா கூப்பிட்டதும், வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூட நேரமில்லாம தள்ளிக்கிட்டே ஓடுன ஆளு நீங்க. இப்ப ஊருக்கு நியாயம் பேச வந்துட்டீங்க!"

"ஏய், அன்னைக்கு வயலுக்குத் தண்ணி வந்திருந்துச்சுடி..."

"ஆமா, எனக்குப் பிள்ளை பொறக்குற வரைக்கும் தண்ணி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு!"

சிரிப்பு கிளம்பியது பாருங்கள், அங்கன்வாடியின் தகரக் கூரையே அதிர்ந்தது. நர்சம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மெம்பர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, வராத போனுக்கு "ஹலோ, ஹலோ" சொல்லியபடியே வெளியே போய்விட்டார்.

நான் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து மகளின் கையை நீட்டிப் பிடித்தேன். நர்சம்மா இன்னொரு புது உறையைப் பிரித்தார். அவள் போட்ட கூச்சல் கடைத்தெரு வரை கேட்டிருக்கும். எனக்குப் பின்னால் மெம்பரின் மனைவி வந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் எதிர்வீட்டு அக்காவும் மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் மனசுல எதையும் வெச்சுக்கிட்டுப் பேசலைங்க நர்சம்மா" என்றார். "கையை நல்லாப் பிடிங்க, ஆட விடாதீங்க" என்று மட்டும் சொன்னார் நர்சம்மா.

அந்த மனுவை யாரும் எழுதவில்லை. அன்று மாலை கணவரிடம் போனில் சொன்னபோது, "நீயா பேசுன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான்தான் என்று ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகச் சொன்னேன். நர்சம்மா இன்றும் எங்கள் ஊருக்குத்தான் வருகிறார்.

அன்று அவர் "இல்லை" என்று ஒரு காகிதத்தைக் காட்டியிருந்தால் அவர் பிரச்சினை உடனே முடிந்திருக்கும். ஆனால் அப்படிக் காட்ட முடியாத ஒருவர் அதன் பிறகு எங்கள் ஊரில் தலைநிமிர்ந்து வேலை பார்க்க முடியாது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவருக்கு இருக்கிறதா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எதையும் முழுசாகத் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராதவள் நான். இந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளாமல் விட்டதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.