வர்க்கி டின்னும் ஒற்றைக் கால் பூட்ஸும்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் மிதித்ததில்லை. அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்பேனரோடும் இரண்டு வேட்டியோடும் மலையேறி வந்து, குன்னூரிலிருந்து குந்தா போகும் ரோட்டில் சொந்தப் பட்டறை போட்டவன். துரைமார் ஜீப்பிலிருந்து தேயிலை ஃபேக்டரி ரோலர் வரை என் கை படாத இரும்பு இந்தப் பக்கம் குறைவு. என்னிடம் வந்து சரியாகாமல் போன வண்டி கிடையாது. அப்படி ஒன்று உண்டு என்று பேக்கரிக்கார சில்வஸ்டர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். அது மருதாம்பாளின் வண்டி. அவளைப் பற்றி எழுதினால்தான் என் பெயர் தேறும். அதனால் எழுதுகிறேன்.

மருதாம்பாள் கரடிமட்டம் எஸ்டேட்டில் தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ் லைனில் பிறந்தவள். பதினாறு வயதில் கொழுந்துக் கூடை மாட்டியவள், முப்பத்தைந்து வயது வரை கழற்றவில்லை. கையும் வேகம், வாயும் வேகம். எடை போடும் சூப்பர்வைசர் அவள் முறை வந்தால் தராசு முள்ளை இரண்டு தடவை பார்ப்பார்.

அப்புறம் பச்சைத் தேயிலை விலை அடிவாங்கியது. இரண்டாயிரத்துக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும். எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அந்தக் கூலியும் மாசக்கணக்கில் நின்றது. அவள் வீட்டுக்காரர் நல்லசாமி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். போகும்போது இரண்டு சாமான்களை விட்டுவிட்டுப் போனார். ஒன்று பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிள். இன்னொன்று சேற்றுக்குப் போடுகிற ஒன்பதாம் நம்பர் ரப்பர் கம் பூட்ஸ்.

"ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு அவரு நெனப்புக்கு" என்பாள். எது எதற்கென்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி முற்றத்தைச் சுற்றிச் சுற்றி, யாரிடமும் கேட்காமல் வண்டி ஓட்டப் பழகினாள். லைசன்ஸ் வாங்கினாள். நேராகக் குன்னூர் போய் சில்வஸ்டர் முன்னால் நின்று வர்க்கி சுற்றைக் கேட்டு வாங்கினாள். எஸ்டேட் பக்கத்தில் இருக்கும் பதினொரு கடைகளுக்குத் தினமும் காலையில் வர்க்கி கொண்டுபோய்ப் போட வேண்டும். பின்சீட்டில் இரண்டு பெரிய தகர டின்.

வர்க்கியைப் பற்றி மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்கிறேன்: அடுக்கடுக்காகச் சுட்ட பிஸ்கட் மாதிரி, முறைத்துப் பார்த்தாலே உதிர்கிற பண்டம்.

அங்கேதான் வில்லங்கம். எல்லாக் கடையும் மேட்டில். சேலையோடு கிக்கர் உதைப்பது பெரும்பாடு என்பதால், என்ஜினை நிறுத்தாமல் நியூட்ரலில் விட்டு இறங்கப் பார்ப்பாள். அந்த வண்டியில் முதல் கியர் கீழே, மற்ற மூன்றும் மேலே. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில், அரை மிதியில் ஒளிந்திருக்கும் நியூட்ரல். அது அவளுக்கு விழவே இல்லை. விழுந்தது என்று நம்பி கிளச்சை விடுவாள். வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளி அணைந்து போகும். டின்னுக்குள் வர்க்கி மாவாகும்.

உடைந்ததைக் கடைக்காரர்கள் தொடவில்லை. கடைசி நிறுத்தமான கீழ் லைனில் அதைக் கொட்டிவிட்டு வருவாள். அங்கே பெண்கள் டம்ளரோடு காத்திருப்பார்கள். வரக்காப்பியில் நாலு கரண்டி வர்க்கித் தூள் போட்டுக்கொண்டால் காலைச் சாப்பாடு முடிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சில்வஸ்டர் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை வரைக்கும் பாக்கறனுங்க. அன்னைக்கும் டின்னு மாவாச்சுன்னா, சுத்த என்ற மச்சானுக்குக் குடுத்துருவேன்."

"அவருக்கு வண்டி ஓட்டத் தெரியுங்களா?"

"மொபெட்டுங்க. அதுல கியரே இல்ல."

"அப்ப மச்சானுக்கு ஏத்த வண்டிதானுங்க" என்று சொல்லிவிட்டு என் பட்டறைக்கு வந்தாள். வாய்தான் அப்படி. சுற்று போனால் அவளும் திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். மகள் சுகந்தி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் பிடுங்கிக்கொண்டு போக முடியுமா?

"ஏனுங்ணா, சனிக்கெழமைக்குள்ள நியூட்ரலு விழோணும்."

"கிளச்சு கேபிள் தொளதொளன்னு கெடக்குது அம்மிணி. கிளச்சு முழுசாப் பிரியாட்டி எப்படி விழும்?"

கேபிளை அளவாக இறுக்கினேன். ஓட்டிப் பார்த்தேன். நிறுத்தினேன், விழுந்தது. "பாரு, வெண்ணெயாட்ட விழுது" என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்த நாள் டின்னைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே முழு வர்க்கி ஏழோ எட்டோ இருந்தன. "மோந்து பாருங்ணா, வெண்ணெ."

சரி, கிளச் பிளேட் ஒட்டுகிறது என்று வைத்துக்கொண்டேன். இதற்கு ஒரு சோதனை உண்டு. ஓடும்போது அடம்பிடித்து, என்ஜினை நிறுத்தியதும் லேசாக நியூட்ரல் விழுந்தால் கோளாறு கிளச்சில். ஆனால் அவளுக்கு நிறுத்தினாலும் விழவில்லை. எனக்கு ஓடினாலும் விழுந்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். சொல்வது சுலபம். நான் பிளேட்டுகளைக் கழற்றித் தேய்த்துப் போட்டேன். கியர் ஆயிலை இறக்கினேன். அல்வா மாதிரி வந்தது. புதிது ஊற்றினேன்.

"பச்சை லைட்டு எரியறதில்லீங்ணா. நியூட்ரலு விழுந்துதான்னு அதுலயாவது பாத்துக்கறேன், போட்டுக் குடுங்க."

"லைட்டப் பாத்து ஓட்டறதெல்லாம் ஒரு ஓட்டா? காலு சொல்லோணும் அம்மிணி."

"என்ற காலு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதுங்களே."

"வண்டிய என்றகிட்டக் குடுத்துப் பாரு. என்ன சொல்லுதுன்னு நான் சொல்றேன்."

"நீங்க ஓட்டுனா விழுது, நான் ஓட்டுனா விழறதில்ல. வண்டிக்கு ஆம்பள பொம்பள தெரியுதுங்களா?"

வெள்ளிக்கிழமையும் டின் மாவாகத்தான் வந்தது. மழை வேறு. வந்ததும் வராததுமாக, துள்ளி அணைந்த வண்டியைப் பட்டறை வாசலிலேயே ஸ்டாண்டு போட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து இடது கால் பூட்ஸைக் கழற்றினாள். கணுக்காலில் ஒரு அட்டை, குடித்துக் கொழுத்துத் திராட்சைப் பழமாட்டம் தொங்கியது. பூட்ஸுக்குள்ளிருந்து ஒரு கத்தை நியூஸ் பேப்பரையும் உருவினாள்.

"இது எதுக்கு?"

"அவரு காலு ஒம்போது, என்றது ஆறு. பேப்பரு வெக்காட்டி பூட்ஸு ஒருபக்கம் போகும், நான் ஒருபக்கம் போவேன்."

உப்பைப் போட்டு அட்டையை விழவைத்தபோது, வெளியே எஸ்டேட் ஜீப்பு ஹாரன் அடித்தது. வழியில் நிற்பது அவள் வண்டி. அப்படியே ஓடி ஏறி, கிக்கரை உதைத்துக் கிளப்பி, வெறும் இடது காலால் கியரைப் போட்டு ஓரம் கட்டி, பழக்கத்தில் ஒரு மிதி மிதித்துவிட்டு கிளச்சை விட்டாள். துள்ளலுக்காகக் கண்ணை வேறு மூடிக்கொண்டாள்.

துள்ளவில்லை. வண்டி பூனை மாதிரி முனகிக்கொண்டு நின்றது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மறுபடி கியர் போட்டாள், மறுபடி நியூட்ரல். மூன்று தடவை விழுந்தது. பூட்ஸை மாட்டச் சொன்னேன். மாட்டினாள், மிதித்தாள், கிளச்சை விட்டாள். துள்ளி அணைந்தது. பேப்பர் அடைத்த மூக்குக்குள் அவள் விரல் எங்கேயோ உள்ளே இருக்க, ரப்பர்தான் கியர் போட்டுக்கொண்டிருந்தது. அரை மிதி ரப்பருக்கு எப்படித் தெரியும்?

"அட்டைதான் கண்டுபிடிச்சுது" என்று ஊரெல்லாம் சொன்னாள். அட்டை கடித்தது, அவ்வளவுதான். பூட்ஸை மாட்டிக் காட்டச் சொன்னது யார்? போகட்டும்.

பூட்ஸை மொத்தமாக விட அவளுக்கு மனசில்லை. கடைக்குக் கடை சேற்றில் இறங்க வேண்டும். பிரேக் போடும் வலது காலில் பூட்ஸ், கியர் போடும் இடது காலில் செருப்பு, மிச்சமிருக்கும் ஒற்றை பூட்ஸ் ஹேண்டில்பாரில் தொங்கும் என்று முடிவானது. பச்சை லைட்டையும் அன்றைக்கு மாட்டிக் கொடுத்தேன். அவள் கேட்டதற்காக இல்லை. பல்பு ஒன்று சும்மா கிடந்தது.

சனிக்கிழமை பதினொரு கடையிலும் வர்க்கி முழுசாக இறங்கியது. சில்வஸ்டர் காலி டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். சுற்று அவளுக்கே என்றார்.

கீழ் லைனில் மட்டும் என்னைத் திட்டினார்கள். டம்ளரோடு வந்தவர்களுக்கு அன்று ஒரு துணுக்கும் இல்லை. பேச்சியம்மா என்கிற கிழவி பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏனப்பா மெக்கானிக்கு, ஓடற வண்டிய எதுக்கு ரிப்பேர் பண்ணுனே?"

ஒரு மாசம் போனது. சில்வஸ்டர் என் பட்டறைக்கு வந்தார்.

"பத்துக் கடையில முழுசா எறங்குது. கீழ் லைன்ல மட்டும் தெனமும் ரெண்டு கைப்பிடி ஒடையுது. அந்தம்மா வேணும்னே பண்ணுதோன்னு எனக்கொரு சந்தேகம். அப்படி இருந்தா, சுத்து மச்சானுக்குத்தான். நீங்க பாத்து சொல்லுங்க."

மறுநாள் காலை கீழ் லைன் கடையில் டீ குடிக்கிற மாதிரி உட்கார்ந்தேன். வந்தாள். நிறுத்தினாள். பச்சை லைட்டு எரியவில்லை. என் கையால் மாட்டிய பல்பு, முந்தின பத்துக் கடையிலும் எரிந்த பல்பு. அதை அவள் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கிளச்சை விட்டாள். வண்டி துள்ளியது.

"ஐயோ, மறுபடி குதிச்சிருச்சே!" என்றாள். ஸ்கூல் டிராமாவில்கூட அவளைச் சேர்க்க மாட்டார்கள், அத்தனை மோசமான நடிப்பு. டம்ளர்கள் வந்தன. பேச்சியம்மாவின் டம்ளர் முன்னால் நின்றது.

"நியூட்ரலு விழலீங்ணா" என்றாள் என்னிடம்.

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் பேக்கரியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சில்வஸ்டர் கேட்டார். நாற்பது வருஷத் தொழிலில் என் வாயில் வராத வார்த்தை அன்றைக்கு வந்தது.

"அந்தம்மா மேல தப்பில்லைங்க. என்ற வேலையில கொறை. அந்த மேட்டுல மட்டும் அந்த வண்டிக்கு நியூட்ரல் விழறதில்ல. சரி பண்ண எனக்குத் தெரியலைங்க."

"உங்களுக்கே தெரியலையா!" சில்வஸ்டருக்கு முகமெல்லாம் வெளிச்சம். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கைப்பிடி வர்க்கியை மறந்தே போனார். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சுதான், இன்னும் நிறுத்தவில்லை.

மருதாம்பாள் ஒன்பது வருஷம் அந்தச் சுற்று ஓட்டினாள். சுகந்தி படித்து முடித்தாள். தேயிலை விலை கொஞ்சம் எழுந்து, எஸ்டேட்டில் கூலி ஒழுங்காக வர ஆரம்பித்த மாசம், அந்த மேட்டிலும் நியூட்ரல் தானாகவே விழ ஆரம்பித்தது. அதற்கும் சில்வஸ்டர், "கடைசியில மெக்கானிக்கு தொழிலக் கத்துக்கிட்டாருங்க" என்றார்.

இப்போது பேக்கரியை அவர் மகன் பார்க்கிறான். அவர் வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் படிக்கிறாராம். இதையும் படிக்கட்டும். அந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை.