பவுடரில் விழுந்த கோடு

என் மேஜை இழுப்பறையில் ஒரு பவுடர் டப்பா இருக்கிறது. குழந்தைகளுக்குப் போடும் சாதாரண வெள்ளைப் பவுடர்தான். ஒரு பெண்ணின் மேஜையில் பவுடர் டப்பா இருந்தால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "அக்கா, கொஞ்சம் பவுடர் குடுங்கக்கா, மூஞ்செல்லாம் எண்ணெ வழியுது" என்று வந்து நிற்பார்கள். அதைத் தொடாமல் என் கைப்பையில் இருக்கும் வேறொன்றை எடுத்துக் கொடுப்பேன். கஞ்சப் பிசினாறி என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும். மூன்று மாதத்தில் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். டப்பாவும் நானும் இங்கேதான் இருப்போம்.

நான் வேலை பார்ப்பது காஞ்சிபுரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், வெளிநாட்டுக் கம்பெனியின் உயர்ந்த ரகக் கார்களை விற்கும் ஷோரூமில், விற்பனைப் பிரிவில். டப்பாவைக் கொடுத்தவர் முன்பு எங்களிடம் இருந்த இன்ஸ்பெக்டர். தொழிற்சாலையிலிருந்து வரும் புது வண்டியை, வாங்கியவர் கையில் ஒப்படைப்பதற்கு முன் அங்குலம் அங்குலமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. கூரத்திலிருந்து பைக்கில் வருவார். நாற்பது வயது, ஒடிசலான உடம்பு, பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் ஒரு அமைதி. டிக்கியின் ரப்பர் ஓரம் முழுக்கப் பவுடரைத் தூவி, மூடி, குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடிப்பார். பிறகு ஓரத்தைத் துடைத்துவிட்டு மெல்லத் திறப்பார். தண்ணீர் உள்ளே வந்திருந்தால் பவுடரில் ஒரு கோடு விழுந்திருக்கும். இதற்கெல்லாம் கருவிகள் வந்துவிட்டன என்று சொன்னால், "அது பேட்டரி தீந்தா பொய் சொல்லும்மா" என்பார். ஷோரூம் முழுக்க அவருக்குப் பவுடர் சார் என்றே பெயர். நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

நான் சேர்ந்த புதிதில் அந்தக் கோடு எப்போதாவதுதான் விழும். அப்போது வந்த வண்டிகளின் கதவைச் சாத்தினால், நெல் மூட்டையைக் கீழே இறக்கியதுபோல் ஒரு கனத்த சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று தடவை சாத்திப் பார்ப்பார்கள். ஆண்டுகள் போகப் போக டாஷ்போர்டில் திரை பெரிதானது. கதவுச் சத்தம் சின்னதானது. கைபடாத இடங்களில் மெத்தென்ற தோல் போய் பிளாஸ்டிக் வந்தது. புது வண்டியின் திரை ஷோரூம் வாசலிலேயே கறுத்துப்போய் நின்றதுண்டு. முன்பு அரைப் பக்கத்தில் முடிந்த இன்ஸ்பெக்டரின் குறைப்பட்டியல் இரண்டு பக்கம் ஓடத் தொடங்கியது. "பொறப்பே சரியில்லம்மா. நாம இங்க குளிப்பாட்டி என்னா செய்ய?" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

வண்டிகள் அப்படி என்றால் ஆட்கள் அதற்கு மேல். புதிதாகச் சேர்பவருக்குப் பெயர் பொறித்த பேட்ஜ் சென்னையிலிருந்து வர இரண்டு மாதமாகும். அதற்குள் ஆள் போய்விட்டிருப்பார். உரிமையாளர் இல்லாத பேட்ஜுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்ந்திருந்தன. வாடிக்கையாளர்கள் ஒவ்வொரு முறையும், "போன தடவ பேசுன பையன் எங்கம்மா?" என்பார்கள். அந்தப் பையன் கொடுத்த வாக்குறுதிகளுக்கு நான் திருதிருவென்று விழிப்பேன். மேனேஜர்களும் விதிவிலக்கில்லை. இந்தக் கதை நடந்த ஆண்டில் மட்டும் மூன்றாவது மேனேஜர். அவருக்கு வண்டி எதுவும் முக்கியமில்லை, மாதக் கடைசி மட்டும்தான்.

அந்த மாதக் கடைசியில் ஒரு பட்டுக்கடை முதலாளிக்கு வண்டி கொடுக்க வேண்டியிருந்தது. மகள் கல்யாணத்துக்காக வாங்குகிறார். மறுநாள் காலை ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவே நல்ல நேரம் குறித்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பவுடர் தூவித் தண்ணீர் அடித்தார். டிக்கியின் வலது மூலையில் ஒரு கோடு, விரல் நீளத்துக்கு. 'ஒழுகுகிறது. ரப்பர் மாற்ற வேண்டும்' என்று எழுதினார், கையெழுத்துப் போடவில்லை. புது ரப்பர் வரப் பத்து நாளாகும் என்றார்கள். அவர் வீட்டுக்குப் போன பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். புதிய தாள் ஒன்றை நீட்டினார்.

"முதல் சர்வீஸ்ல மாத்திக்கலாம்மா. நேரம் தப்பிச்சின்னா அவரு கேன்சல் பண்ணிடுவாரு. உன் பேர்ல இருக்குற வண்டி. ஒரு கையெழுத்துதானே, போடு."

எனக்கு வேலை நிரந்தரமாகாத காலம். ஒரு வண்டி குறைந்தால் அடுத்த மாதம் நானும் பிஸ்கட் டப்பாவுக்குள் போக வேண்டியதுதான் என்று பயந்தேன். விரல் நீளக் கோடுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பரிசோதித்தவர் என்ற இடத்தில் யார் பெயரென்று தெரியாதபடி கிறுக்கினேன். மறுநாள் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, கைதட்டி வண்டியை அனுப்பினோம். இன்ஸ்பெக்டர் தன் கையெழுத்து இல்லாமல் வண்டி போகாது என்று நம்பி, பின்பக்கம் வேறொரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து, ஐப்பசி மழை. வேலூரில் கல்யாணம். பெண்ணின் முகூர்த்தப் புடவை அந்த டிக்கியில்தான் போயிருக்கிறது. அடுத்த வாரம் முதலாளி வந்து, மேனேஜர் அறையில் மேஜைமேல் புடவையை விரித்தார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. கரையின் சாயம் இளகி மஞ்சளுக்குள் இறங்கியிருந்தது. அவர் கத்தவில்லை. கறையை உள்ளங்கையால் நீவிக்கொண்டே பேசினார்.

"காரு போனா போவுதுபா. நாலு மாசம் தறியில இருந்த பொடவ. ஊருக்கெல்லாம் பொடவ குடுக்கிறவன் பொண்ணு, வேற யாருக்கோ வெச்சிருந்ததக் கட்டிக்கினு மணையில உக்காந்துச்சு."

இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்கள். "பாத்தேன் சார். ஒழுகுதுன்னு எழுதி வெச்சேன்" என்றார். மேனேஜர் என் கிறுக்கல் இருந்த தாளை எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். நான் கதவோரம் ஃபைலோடு நின்றிருந்தேன்.

"இது என் கையெழுத்து இல்ல."

"அப்ப யாருது?" என்று கேட்டார் மேனேஜர், ஒன்றும் தெரியாதவர்போல.

"தெரியல சார்."

நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டதுபோல் நின்றேன். யார் போட்டிருந்தாலும் பொறுப்பு உங்களுடையது என்று சொல்லி அவரை வெகுதூரத்துக் கிளைக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை, வேலையை விட்டுவிட்டார். கடைசி நாளன்று என் மேஜைக்கு வந்து, புதிதாக வாங்கிய பவுடர் டப்பாவை வைத்தார். "இருக்கட்டும்மா" என்றார். இரண்டு மாதத்தில் மேனேஜரும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். எனக்கு வேலை நிரந்தரமானது. புது பேட்ஜ் வந்தது.

இன்ஸ்பெக்டர் கூரம் போகும் பாதையில் வண்டி கழுவும் கடை வைத்தார். அது நான் வீட்டுக்குப் போகும் வழிதான். ஆனாலும் ஆறு வருடமாக ஸ்கூட்டரை வேறு பாதையில் சுற்றி ஓட்டினேன். பெட்ரோல் வீணாவது தெரியும். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

போன ஆடியில் தள்ளுபடி வண்டிகள் வரிசையாக வந்தன. அப்போது எங்களிடம் இன்ஸ்பெக்டரே இல்லை. கடைசியாக இருந்தவர் மூன்று வாரத்தில் நின்றுவிட்டார். இப்போதிருக்கும் மேனேஜர், நான் பார்க்கும் ஒன்பதாவது ஆள், என்னிடம் தாளை நீட்டி, "நீங்க சீனியர்தானே, ஒரு சைன் போட்டுடுங்க" என்றார். வெளியே ஐயம்பேட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பம் மாலையும் எலுமிச்சம்பழமுமாகக் காத்திருந்தது. இங்கிருந்து நேரே மாகறல் கோயிலுக்குப் பூஜைக்குப் போக வேண்டும் அவர்கள். என்னைக் கேட்காமலே என் கை இழுப்பறையைத் திறந்தது. டப்பாவின் மூடிமேல் ஒட்டியிருந்த காகிதத்தை அன்றுதான் பிரித்தேன். தூவி, மூடி, பத்து நிமிடம் தண்ணீர் அடித்தேன். இடது பக்கம், கோடு.

ஒழுகுகிறது என்று எழுதி, கையெழுத்தில்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மேனேஜர் என்னென்னவோ சொன்னார். வெளியே போய் அந்தக் குடும்பத்துப் பெரியவரிடம் நானே சொன்னேன். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. நல்ல நாளும் அதுவுமா என்று ஆரம்பித்தவர், நடுவில் நிறுத்தி, "ஏம்மா, இங்க வரும்போதெல்லாம் வேற வேற ஆளுங்கதான் இருக்காங்க. நீ எத்தினி வருஷமா இருக்கிறே?" என்று கேட்டார்.

"ஒன்பது வருஷமாங்க."

மாலையைப் பையில் திருப்பிப் போட்டுக்கொண்டார். "அப்ப நீ சொல்றத கேக்கலாம். ஆனா நீயே போன் பண்ணணும், வேற யாரும் பண்ணக் கூடாது" என்றார்.

அன்று மாலை ஸ்கூட்டரைக் கூரம் பாதையில் திருப்பினேன். அவர் ஒரு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. குழாயை மூடிவிட்டு, "வாம்மா" என்றார், நேற்றுப் பார்த்தவர்போல. டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"சார், அன்னிக்குக் கையெழுத்து போட்டது நான்தான்."

"தெரியும்மா. கிறுக்கினாலும் கீழ ரெண்டு புள்ளி வெச்சிருந்தியே. டெலிவரி பேப்பர்ல தெனமும் பாக்கிறதுதானே."

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் சொல்வேனா என்று பார்த்தாராம். சொல்லிவிட்டு டப்பாவை வாங்கி, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். புது வண்டியைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"ரொம்பியே இருக்குதே. இன்னிக்குத்தான் தொறந்தியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வருடத்தில் எத்தனை வண்டிகளுக்குக் கைதட்டி அனுப்பியிருப்பேன்! ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் டப்பாவைத் திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டு, ஆட்டோவைக் கழுவப் போனார்.

அது நடந்து சில மாதமாகிறது. புது இன்ஸ்பெக்டர் வந்தார், போனார். என்னை வேலையைவிட்டுப் போகச் சொல்லும் பேச்சும் நடுவில் வந்து அடங்கியது. இன்று காலை இழுப்பறையைத் திறந்து டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியில் புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.