கவனமில்லாதவன் என்று எழுதிய கடதாசி

மஞ்சள் நிறத்தில் ஒரு கடதாசி. ஒரு பக்கம்தான். அதில் கியூபாக்காரன் ஒருவனைக் கவனமில்லாதவன் என்று எழுதியிருந்தார்கள். அடியில் சாட்சி கையெழுத்து வைக்க ஒரு கோடு. கோட்டின் மேல் கிடந்தது என் பெயர். நான் வைத்த கையெழுத்துத்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேலே இருந்ததில் ஒரு சொல்லைக்கூட நான் வாசித்துப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் போன பிறகும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. எரியட்டும். எரியவேண்டிய விஷயம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கனடாவில், டோர்செட் பார்க்கில் ஒரு கட்டடத்தின் ஏழாம் மாடியில் இருந்தோம். கென்னடி ரோட்டுக்கு அந்தப் பக்கம், நடந்துபோகிற தூரத்தில் ஒரு பக்ரறி. விளையாட்டுக்காரர் போடுகிற சேர்ட்டுகளின் முதுகில் இலக்கம் ஒட்டுகிற இடம் அது. மடித்துப் பையில் போடுகிற மேசை என்னுடையது. எனக்கு நேரே முன்னால், இலக்கத்தை அழுத்தி ஒட்டுகிற சூட்டு மெஷின். அதில் நின்றவன்தான் இந்தக் கியூபாக்காரன். ஒல்லி உடம்பு, நீண்ட கை. என் மேசையிலிருந்து கத்தரிக்கோல் வழுக்கினால் அது நிலத்தில் விழாது. பாதி வழியில் அவன் கையில் இருக்கும். அவன் திரும்பிப் பார்த்ததையே நாங்கள் கண்டிருக்க மாட்டோம். "உவனுக்கு முதுகிலையும் ஒரு சோடி கண் கிடக்கு அன்ரி, சேர்ட்டைச் சரியா உடுங்கோ" என்று என் பக்கத்தில் மடிக்கிறவள் பகிடி பண்ணுவாள்.

எனக்கும் அரைகுறை ஆங்கிலம், அவனுக்கும் அரைகுறை. இரண்டு அரையும் சேர்ந்தால் ஒன்று வந்துவிடும். நாங்கள் பேசியதை என் தமிழில்தான் எழுதுகிறேன், வேறு எதிலும் எனக்கு எழுதத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு என்னை மறித்துப்போட்டார்கள்.

அவன் பேஸ்போல் விளையாடுகிறவன். பொழுதுபோக்குக்கு அல்ல, அதுவே தொழில். கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் பிறந்தவனைப் பன்னிரண்டு வயதில் அரசாங்கத்தின் விளையாட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்களாம். பத்தொன்பதில் மாகாண அணி. ஒன்பது வருடம் ஒரே இடத்தில் நின்றிருக்கிறான். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நிற்பவனை சோட்ஸ்ரொப் என்பார்கள். பந்து அதிகம் வருகிற இடம் அதுதான். தரையோடு உருண்டும் குதித்தும் வருவதை அள்ளி, நிமிர முதலே முதலாம் தளத்துக்கு எறியவேண்டும். அரைக் கணம் பிந்தினால் ஓடுகிறவன் தப்பிவிடுவான். இதையெல்லாம் ஒரு தேத்தண்ணி நேரத்தில், மேசையில் நான்கு பிஸ்கட்டை வைத்து எனக்குக் காட்டினான். பிறகு தளங்கள் நான்கையும் சாப்பிட்டுவிட்டான்.

அந்த ஒன்பது வருடத்துக்கும் அவனுக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். வெளிநாட்டில் ஆடப் போன இடத்தில், அவனோடு ஒரே அறையில் படுத்தவன் நாடு திரும்பாமல் ஓடிவிட்டான். ஓடியவனைப் பிடிக்க முடியவில்லை. ஓடாமல் திரும்பிவந்தவனைப் பிடித்தார்கள். நீயும் ஓட இருந்தவன்தானே என்று அணியிலிருந்து பெயரை வெட்டினார்கள். மைதானத்தின் வாசலுக்குள்ளும் விடவில்லை. சீமெந்துக் கிட்டங்கியில் மூட்டை எண்ண விட்டார்கள். விசாரணையும் இல்லை, கேள்வியும் இல்லை. அதன் பிறகுதான் அவன் உண்மையாகவே வெளிக்கிட்டான். எங்கேயோ போகிற பிளேன் எண்ணெய் அடிக்கக் கனடாவின் கிழக்குக் கரையில் இறங்கியபோது, நேரே அதிகாரியிடம் நடந்துபோய் அகதி என்று கையைத் தூக்கினானாம். இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் சனம் எத்தனை விமான நிலையத்தில் அப்படிக் கையைத் தூக்கியது.

இங்கே வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கில் விளையாடினான். அதைப் பார்த்த யாரோ இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருந்த சின்ன ஊரின் சம்பளக் கழகத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு கோடைகாலம் ஆடினான். இலையுதிர்காலத்தில் கழகம் முறிந்தது. குளிருக்கு எங்கள் பக்ரறிக்கு வந்தான். தை மாதம் ஒருநாள் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தான். மேற்கே, ட்றெயினில் இரண்டு நாள் போகவேண்டிய நகரமொன்றின் பெரிய கழகம் சித்திரையில் வரச்சொல்லி எழுதியிருந்தது. வயது முப்பது. "அன்ரி, இது கடைசிக் கதவு" என்றான். அன்று அவன் ஒட்டிய இலக்கங்கள் எல்லாம் நூல் பிடித்தமாதிரி நேராக இருந்தன.

மெஷினைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அநியாயம் விளங்காது. அதில் இரண்டு பொத்தான். வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று, இரண்டையும் ஒரேநேரத்தில் அழுத்தினால்தான் சூடான மேல்தட்டு இறங்கும். கை உள்ளே போகாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மாசி மாதம் அவசர ஓடர் ஒன்று வந்தது. சுப்பவைசர் எங்கள் ஆள், யாழ்ப்பாணம்தான். வாயைத் திறந்தால் அன்ரி அன்ரி என்று தேனாய் ஒழுகும். அவனே வந்து ஒரு பொத்தானை அழுத்தி, அழுத்தியபடியே ஒட்டுகிற ரேப்பால் சுற்றிக் கட்டினான். இனி மற்றதைத் தொட்டாலே தட்டு இறங்கும், வேலை வேகமாக ஓடும்.

"தம்பி, உது கைக்கு ஆபத்தெல்லோ?" என்று கேட்டேன்.

"அன்ரி, நீங்கள் உங்கட சேர்ட்டை மடியுங்கோ. மெஷினை நான் பாக்கிறன்" என்றான்.

பார்த்தான்தான்! அடுத்த நாள் கியூபாக்காரன் சுருங்கிக் கிடந்த சேர்ட்டை வலக்கையால் இழுத்து நேராக்கிக்கொண்டு நின்றான். பக்கத்தால் துணிக்கட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் பிதுங்கி நின்ற கட்டொன்று மற்றப் பொத்தானில் இடித்தது. தட்டு இறங்கியது. அவன் கத்தவில்லை. கத்தியது நான். எறிகிற கை அது.

அவனை அம்புலன்சில் ஏற்றி ஒரு மணித்தியாலம் இராது, சுப்பவைசர் மஞ்சள் கடதாசியோடு என்னிடம் வந்தான். மெஷினைப் பார்த்தேன். ரேப் இல்லை.

"அன்ரி, நீங்கள்தானே கிட்ட நிண்டது? உதில ஒரு சைன் வையுங்கோ."

"என்ன எழுதிக் கிடக்கு?"

"கை பட்டதெண்டுதான். இன்சுரன்சுக்கு. நீங்கள் வைச்சால் அவனுக்குத்தான் நல்லது."

நான் பெருவிரல் அடையாளம் வைக்கிறவள் அல்ல. வந்த முதல் குளிர்காலத்தில் மகள் சொல்லித்தர, பழைய பேப்பர் ஓரமெல்லாம் எழுதி எழுதிப் பழகி, என் பெயரை ஆங்கிலத்தில் வைக்கத் தெரிந்தவள். வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் நிமிர்ந்து நின்று வைத்த கையெழுத்து. அன்றைக்கும் வடிவாக, வளைவுகள் பிசகாமல் வைத்தேன். எங்கட பெடியன் கேட்கிறான், எங்கட பாஷையில் கேட்கிறான், அவன் எனக்குப் பொய் சொல்லுவானா என்று ஒரு நம்பிக்கை. அப்படி நம்பிக் கையெழுத்து வைத்த எங்கள் சனம் இந்த ஊரில் எத்தனை பேர் என்று கேட்டால் வரிசை நிற்கும்.

மூன்று கிழமைக்குப் பிறகு, கையில் கட்டோடு அவன் எங்கள் கட்டடத்துக் கதவடியில் வந்து நின்றான். அந்தக் கடதாசியின் கொப்பியை நீட்டினான். "அன்ரி, இது உங்கட பெயரோ?" என்றான். அவன் முகத்தில் கோபம் இருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மகள் வாசித்தாள். எச்சரித்தும் கேளாமல், கவனமில்லாமல் கையை உள்ளே விட்டவன் என்று எழுதியிருந்தது.

"வாசிக்காமல் ஏனம்மா சைன் வைச்சனீங்கள்?"

"இங்கிலிசு வாசிக்கத் தெரிஞ்சால் உன்னட்டை ஏனடி நீட்டுறன்?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, கை குளிர்க்கோட்டை எடுத்துவிட்டது.

நட்டஈட்டுக் கந்தோருக்கு மூன்று பேரும் போனோம். மகள் மொழிபெயர்த்தாள். அங்கே இருந்த வெள்ளைக்காரி நல்ல மனுஷி. நான் ரேப்பைப் பற்றிச் சொன்னதெல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினாள். பிறகு சொன்னாள்: யார் பிழை என்பதை எங்கள் சட்டம் பார்ப்பதில்லை. பிழை யாருடையதாக இருந்தாலும் இவருக்குக் காசு வரும். ஆகவே கடதாசியை மாற்றத் தேவையில்லை.

நல்ல செய்தி சொன்ன முகத்தோடு எங்களைப் பார்த்தாள். அவன் "மாத்துங்கோ" என்றான். அவளுக்கு விளங்கவில்லை. காசு வரும் என்று திருப்பிச் சொன்னாள். அவன் திரும்பவும் மாத்துங்கோ என்றான்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு விளங்கப்படுத்தினான். அவர்களுடைய விளையாட்டில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கணக்கெழுதுகிறவர் மேலே இருப்பாராம். பந்து தவறினால் அது யாருடைய பிழை என்று அவர் தீர்ப்பு எழுதுவார். எழுதினால் அது ஆட்டக்காரனின் பெயரோடு சாகும்வரை கிடக்கும். தன் பிழைகள் எல்லாம் அவனுக்கு நாள் தேதியோடு பாடம். ஒருமுறை பந்து கல்லில் பட்டுத் திரும்பியதை அவனுடைய பிழையாக எழுதிவிட்டார்களாம். ஆட்டம் முடிந்து, வேர்த்த உடுப்போடு மேலே ஏறிப்போய், அந்தக் கல்லையே மேசையில் வைத்திருக்கிறான். அடுத்தநாள் வெட்டி எழுதினார்களாம்.

"என்ர பெயரை வெட்டினவங்கள்கூட நான் கவனமில்லாதவன் எண்டு எழுதேல்லை அன்ரி. நான் செய்த பிழையை நான் மறுக்கிறதில்லை. இது என்ர இல்லை."

அடுத்தநாள் காலை நான் வேலைக்குப் போகவில்லை, பக்ரறிக் கந்தோருக்குப் போனேன். நல்ல சேலை ஒன்றை உடுத்து, மேலே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். முதலாளி கதிரையில். சுப்பவைசர் பக்கத்தில். என் கையெழுத்து வைத்த கடதாசியைப் பார்க்கவேண்டும் என்றேன். எடுத்துக் கொடுத்தார்கள், கிழவி என்ன செய்துவிடப் போகிறாள் என்று. முதலாளியின் மேசையில் கிடந்த பேனையை எடுத்து என் பெயரைக் குறுக்கே வெட்டினேன். அதற்குக் கீழே தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே எழுதினேன்: மேலே உள்ளது பொய். பொத்தானுக்கு ரேப் சுற்றியது சுப்பவைசர். நான் கண்டேன். கை வைத்தவன்மேல் பிழை இல்லை.

"அன்ரி, உங்களுக்கு என்ன விசரோ? உதை இஞ்ச ஆர் வாசிக்கிறது?" என்று சுப்பவைசர் பாய்ந்தான்.

"நீ வாசி. உனக்குத் தெரியும்தானே. வாசிச்சு உன்ர முதலாளிக்கு இங்கிலிசில சொல்லு."

அவன் வாசித்தான். கண் ஓடியதைப் பார்த்தேன். சொல்லவில்லை. என்னை அன்று மத்தியானமே வேலையால் நிற்பாட்டினார்கள்.

கை ஆறியது. இரண்டு விரல் மடியவில்லை. சித்திரையில் மேற்கே போன ட்றெயினில் அவன் போகவில்லை. அவன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ நின்றிருப்பான். பிறகு பிறம்ரனில் ஒரு கிட்டங்கியில் வேலை என்று கேள்வி. திரும்பவும் கிட்டங்கி, திரும்பவும் மூட்டை. இரண்டு நாடு சேர்ந்து ஒரு மனிதனை அதே இடத்தில் கொண்டுபோய் விட்டன. இப்போது ஸ்ரௌவ்வில்லில் மகள் வீட்டில் தொலைக்காட்சியில் பேஸ்போல் போனால், ஓட்டத்துக்குப் பக்கத்தில் பிழைக்கும் ஒரு எண் போடுகிறார்கள். எத்தனை பேர் பார்க்கிறார்களோ தெரியாது. நான் அதைத்தான் பார்க்கிறேன்.

என்னை நிற்பாட்டிய அன்று பின்னேரமே அவன் இருந்த அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்டான். தமிழில் சொல்லி, பிறகு எங்கள் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசி வரியை இன்னொருக்கால் சொல்லச் சொன்னான். சொன்னேன். கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்தான்.

"திரும்பவும் கீழே கையெழுத்து வைச்சீங்களோ, அன்ரி?"

"ஓம். இந்தமுறை வாசிச்சுப்போட்டுத்தான் வைச்சனான்."