மெயினுக்கும் பின்னறைக்கும் நடுவில்

என் வீட்டுக்காரருக்கு ஊரில் டெஸ்டர் என்றுதான் பெயர். சட்டைப் பையில் கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் அந்த டெஸ்டர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணப் படத்தில்கூட அது பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருக்கும். எடுத்து உள்ளே வைக்கச் சொல்லியிருக்கிறார் படம் பிடித்தவர். "மண்டபத்துல சீரியல் லைட்டு எவன் போட்டானோ, நம்ப முடியாது" என்று இவர் மறுத்துவிட்டார். அப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாய்தான் சரியில்லை. அடுத்தவர் செய்த ஒயரிங்கைப் பார்த்துவிட்டால் போதும், "இதைச் செஞ்சவன் இன்னும் உயிரோடதான் இருக்கானா?" என்று கேட்பார். செய்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த சந்தர்ப்பங்களும் உண்டு.

இவ்வளவு தெரிந்திருந்தும் சொந்தமாக ஒரு கட்டட வேலை எடுக்க முடியாது. அதற்கு லைசென்ஸ் வேண்டும். இவர் சுவரைக் குடைந்து, பைப் பதித்து, ஒயர் இழுத்து முடித்த பிறகு, லைசென்ஸ் வைத்திருக்கும் கான்ட்ராக்டர் சட்டை கசங்காமல் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் அந்த மனிதர் இவரைக் காட்டி, "நம்ம பையன்தான், நல்லா செய்வான்" என்று யாரிடமோ சொல்லிவிட்டார். தலை பாதி நரைத்தவரைப் பையன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? இவர் அங்கேயே, "நாளையிலேர்ந்து நான் வரல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "லைசென்ஸ் எடுத்தே தீரணும்" என்றார். வெறும் வயிற்றில் அவர் எடுக்கும் முடிவுகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அதையே சொன்னார். கையில் வேலையும் இல்லை, லைசென்ஸும் இல்லை.

லைசென்ஸ் வேண்டுமென்றால் ஓர் ஆபீஸ் அறை இருக்க வேண்டும், அளந்து பார்க்கும் கருவிகள் இருக்க வேண்டும், சூப்பர்வைசர் சான்றிதழ் உள்ள ஒருவர் நம்மிடம் வேலையில் இருக்க வேண்டும். எங்கள் முன்னறை ஆபீஸ் ஆனது. கருவிகளும் வந்து சேர்ந்தன. சூப்பர்வைசருக்குத்தான் திண்டாட்டம். சான்றிதழ் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே யாரிடமோ வேலையில் இருந்தார்கள். சும்மா இருந்தவர் ஒரே ஒருவர்தான். தொழிற்சாலை மூடியதிலிருந்து வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும் என் அண்ணன்.

என் அண்ணனுக்கும் இவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் நான் சிரிக்க மாட்டேன். சில வருஷங்களுக்கு முன்னால் அண்ணன் வீட்டில் இவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணிமேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தார். கிரிக்கெட் மேட்ச் கடைசி ஓவர் என்று, அண்ணன் யாரையும் கேட்காமல் மெயினைப் போட்டுவிட்டார். ஷாக் அடித்து இவர் ஏணியிலிருந்து துவைத்துப்போட்ட துணி மூட்டைமேல் விழுந்தார். மூட்டை இருந்ததால் பிழைத்தார். அண்ணனோ மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு, மாப்பிள்ளை ஏணியில் எப்படி ஆடினார் என்று சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் ஆடியே காட்டினார். ஷாக்கை மறந்துவிடலாம், அந்த ஆட்டத்தை மறக்க முடியாது என்பார் இவர். நியாயம்தானே?

நான்தான் அண்ணனிடம் போனேன்.

"உன் வீட்டுக்காரர் வந்து வாயைத் திறந்து கேக்கட்டும், வரேன்" என்றார்.

"அவர் வரமாட்டார். நீ சூப்பர்வைசரா கையெழுத்துப் போடலன்னா நான் பெட்டி படுக்கையோட இங்கயே வந்துடறேன். லைசென்ஸ் வர்ற வரைக்கும் உன் வீட்டுலதான் சாப்பாடு" என்றேன்.

அண்ணி உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்.

அதிகாரி பார்வையிட வருவதற்குள் வீட்டு ஒயரிங்கையெல்லாம் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே ஒயரின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். பேச்சு மட்டும் என் வழியாக.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, எருமை மாடு மாதிரி இழுக்காம மெதுவா இழுக்கச் சொல்லு."

"அண்ணே, கொஞ்சம் மெதுவா இழுக்கணுமாம்."

"அந்தச் சிடுமூஞ்சிகிட்ட சொல்லு, பைப்புல எங்கயோ மாட்டியிருக்கு."

"என்னங்க, பைப்புல மாட்டியிருக்காம், பாருங்க."

எருமை மாடும் சிடுமூஞ்சியும் இருவர் காதிலும் நன்றாக விழுந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் நான் திருத்திச் சொல்லும்வரை யாரும் கையை அசைக்க மாட்டார்கள். அடுப்பில் பால் பொங்குகிறது, இங்கே இவர்களுக்குத் தபால்காரி வேலை. எனக்கு வந்த எரிச்சலுக்கு இரண்டு பேரையும் அந்தப் பைப்பிலேயே திணித்து அடைத்திருப்பேன்.

பார்வையிட வந்த அதிகாரி ஒரு பெண்மணி. குடையை மடக்கி மூலையில் வைத்தவர், கொடுத்த காபியைத் தொடவில்லை. கருவிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "இன்னைக்கு சரியில்லன்னா அடுத்த வருஷம்தான் திரும்ப வருவேன்" என்று சாதாரணமாகச் சொன்னார். இவர் முகம் வெளிறிப் போனது. ஒரு வருஷம் தாங்காது. அந்தக் கான்ட்ராக்டரிடமே போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

"ஒரு சின்ன வேலை செஞ்சு காட்டுங்க" என்றார் அதிகாரி. "சூப்பர்வைசர் பின்னறையில பல்பு ஹோல்டரைக் கழட்டி வேற மாட்டட்டும். நீங்க இங்க மெயினை அணைச்சுட்டு நில்லுங்க. முடிஞ்சதும் கரண்ட் கொடுங்க."

எங்கள் வீட்டில் மெயின் முன்னறையில் இருக்கிறது. பின்னறை சமையலறைக்கும் அந்தப் பக்கம். இங்கிருந்து பார்த்தால் அங்கே நிற்பவர் தெரியாது. இவர் மெயினை அணைத்தார். அண்ணன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து இவர் பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பி, "போடலாமான்னு கேளு" என்றார்.

நானும் வாயைத் திறந்துவிட்டேன். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "இவங்க யாரு?"

"வீட்டுக்காரி."

"ஒயர்ல கை வச்சிருக்கிறவர் குரலை நீங்களே கேக்கணும். நடுவுல ஆள் சொல்றதெல்லாம் செல்லாது."

இவர் தொண்டையைக் கனைத்தார். சுவரைப் பார்த்து, "போடலாமா?" என்றார். பின்னறையிலிருந்து சத்தமே இல்லை.

"யாரைக் கேட்டீங்க? தெருவுல போறவங்களையா?" என்றார் அதிகாரி.

அந்த முன்னறையில் நான் பட்ட அவஸ்தையை எப்படிச் சொல்வது? இவர் காது மடல் சிவந்தது. டெஸ்டரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, தொண்டையில் சிக்கிய முள்ளைத் துப்புவதுபோல அந்த வார்த்தை வெளியே வந்தது.

"மச்சான், போடட்டுமா?"

அதற்கும் பதில் இல்லை. எனக்கு அண்ணன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு இறங்கி வந்து கேட்கிறார், இந்த நேரத்திலா வீம்பு? போய் மண்டையில் ஒரு குட்டு வைக்கலாம் என்றிருந்தது. ஆனால் இவர் கை மெயின்மேல் இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் அண்ணன்மேல் இருந்த ஆத்திரம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. இவருடைய கோபம் எனக்குத் தெரியும். ஏணியிலிருந்து விழுந்தவர் இவர்.

"பதில் வரலயே. என்ன செய்வீங்க?" என்றார் அதிகாரி.

இவர் கையை எடுத்தார். ஃபியூஸைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பின்னறைக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

அண்ணன் ஸ்டூல்மேல் நின்றிருந்தார். தோல் சீவிய ஒயர் இரண்டு கையிலும். பழைய ஹோல்டர் கீழே கிடந்தது, புதியதை இன்னும் மாட்டவேயில்லை. அவ்வளவு பெரிய உடம்பு ஸ்டூலோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

"பதில் சொல்றதுக்கென்ன மச்சான்?"

"குரல் வரல மாப்ளே" என்றார் அண்ணன். "நீ மெயின்கிட்ட நிக்கிற, என் கையில ஒயர். அன்னிக்கு நான் கேக்கவேயில்ல, இன்னிக்கு நீ கேட்டுட்டு நின்ன. தப்பு என்மேலதான். அதுக்கு மேல சிரிச்சேன் பாரு, அதுதான் பெரிய தப்பு."

இவர் ஃபியூஸை எடுத்துக் காட்டினார். "இது என் பையில இருக்கு. நீ நிதானமா மாட்டு. நான் ஏணியில ஆடினதைவிட நீ ஸ்டூல்ல நல்லாவே ஆடுற."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. "இவ்வளவு நேரம் நடந்தது சரி. இப்ப முழுசா முடிங்க. அதைப் பார்த்துட்டுதான் எழுதுவேன்" என்று சொல்லி இவரோடு முன்னறைக்குப் போனார்.

அண்ணன் ஹோல்டரை மாட்டினார், பல்பைப் பொருத்தினார். கால் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. விழுந்து தொலைக்கப் போகிறாரே என்று நான் அந்தக் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், ஃபியூஸை மாட்டிட்டேன், போடட்டுமா?" முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"போடாத மாப்ளே, இரு" என்று அண்ணன் கத்தினார். குரல் நன்றாகவே வந்தது. "நான் கையை எடுத்துட்டேன். ஆனா உன் பொண்டாட்டி என் காலைப் பிடிச்சிட்டு வெறுந்தரையில நிக்கிறா."

"அவளை விலகி நிக்கச் சொல்லு."

"சொல்லிட்டேன், விலகிட்டா."

"நீ சொன்னா செல்லாது மச்சான். அவளே சொல்லணும்."

நான் சுவரோரமாக நின்றிருந்தேன். இவ்வளவு நாளும் இந்த வீட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடுத்தவர் பேச்சைத்தான் சுமந்துகொண்டிருந்தேன். இப்போது என் குரலுக்காக இரண்டு ஆண்களும் ஓர் அதிகாரியும் காத்திருந்தார்கள்.

"நான் எதையும் தொடலைங்க" என்றேன். "போடுங்க."

பல்பு எரிந்தது. "லைசென்ஸ் தபால்ல வரும்" என்று அதிகாரி முன்னறையில் சொன்னது எனக்கு இங்கே கேட்டது.